கண்டிக்குப் போனவர்களுக்கு ஒரு ராக்கூத்து

சேலம், நாமக்கல் சீமையின் கூத்து ஜமாக்களைச் சேர்ந்த வாத்தியார்களுக்கும், வேடம் கட்டுகிறவர்களுக்கும், மத்தளம், முகவீணை, தாளக்காரர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரு புதுக் கூத்து கேட்டு இதை எழுதுகிறேன். ராசிபுரம், ஆத்தூர், நாமக்கல் பக்கத்து ஊர்களிலிருந்து கடல் தாண்டி இலங்கையின் கண்டிச் சீமைக்குப் போன குடும்பங்களின் கதை அது. பதினெட்டாம் போரை விடிய விடிய நடத்தி முடிக்கிற உங்களுக்குக் கூத்து சொல்லித்தர எனக்கு ஒரு தகுதியும் இல்லை. களத்தின் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து பழகியவன் என்ற உரிமை மட்டும் உண்டு.

முதலில் ஒரு சேதி. அண்ணமார் கதையை உடுக்கடித்துப் பாடுகிற மண் நம்முடையது. பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழும்போது சனம் இன்றும் கண்ணீர் விடுகிறது. அந்தக் கதை நம்மோடு நின்றுவிடவில்லை. இலங்கையின் மலைத் தோட்டங்களில், ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கத்து லயங்கள் என்ற வரிசை வீடுகளுக்கு முன்னால், தேயிலைத் தொழிலாளர்கள் பொன்னர் சங்கரைக் கூத்தாகவே ஆடுகிறார்கள். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்ற மூன்றையும் மலையகத் தமிழர் தங்கள் சொத்தாக நினைக்கிறார்கள். மாசி அமாவாசை கழிந்து கம்பம் நட்டு, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிக்கும் வரை, பகலெல்லாம் கொழுந்து பறித்த சனம் இரவில் ரதிக்கும் மன்மதனுக்கும் பின்னால் லயம் லயமாகப் போகிறது. காவிரியைக் கண்ணால் பார்த்திராத பையன் வளநாட்டைப் பற்றி விருத்தம் பாடுகிறான்.

நம் தாத்தன் பாட்டிகள் கட்டிக்கொண்டு போன மூட்டையில் சட்டி பானையோடு கூத்தும் போயிருக்கிறது. அதை அங்கே காப்பாற்றினார்கள். பதிலுக்கு இங்கே நாம் என்ன செய்தோம் என்று பார்த்தால், வழக்கமாக நம் ஜமாக்கள் போடும் கூத்துகளில் கண்டிக்குப் போனவன் கதை ஒன்றுகூடக் கிடையாது. அச்சில் உண்டு. புதுமைப்பித்தன் துன்பக்கேணி எழுதினார், கோகிலம் சுப்பையா தூரத்துப் பச்சை எழுதினார். படித்தவர்கள் படித்தார்கள். போனவர்களின் ஊரில், அவர்களுடைய பங்காளிகள் பாய் விரித்து உட்காரும் இடத்தில், அந்தக் கதை இன்னும் வேடம் கட்டவில்லை.

ஏன் என்று யோசிக்கும்போது இரண்டு காரணம் தோன்றுகிறது. ஒன்று எளிது. போனவர்களைப் பற்றி இங்கே மிச்சமிருப்பது மிகக் கொஞ்சம். எங்கள் வீட்டில் இந்த வரலாறு ஒரே வாக்கியம்: பாட்டியின் அத்தை ஒருத்தி கண்டிக்குப் போனாள். அவள் பேர் யாருக்கும் தெரியாது. விசாரித்துப் பாருங்கள், உங்கள் ஊரிலும் பல வீடுகளில் இதேபோல ஒரு வாக்கியம் இருக்கும்.

இரண்டாவது காரணம் அவ்வளவு சுகமானதல்ல. போனவர்களில் பெரும்பாலோர் நிலம் இல்லாதவர்கள். பறையர், பள்ளர், சக்கிலியர். ஆள் சேர்த்துக் கொண்டுபோன கங்காணிகளோ பெரும்பாலும் அவர்களுக்கு மேல் என்று தங்களை வைத்துக்கொண்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பண்ணையத்து ஆள் ஓடிப்போனால் பண்ணையக்காரர் அவனைத் திட்டியிருப்பார், கடன் கணக்கை எழுதியிருப்பார். பாட்டுக் கட்டியிருக்க மாட்டார். நம்முடைய மறதிக்குச் சாதி உண்டு. கூத்துக் கட்டுகிற, மேளம் அடிக்கிற உங்களில் பலர் அதே ஒதுக்கப்பட்ட தெருக்களிலிருந்து வந்தவர்கள் என்பதால்தான் பண்பாட்டுத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கதைக்குச் சரக்கு ஏராளம். தாது வருசப் பஞ்சத்தை நம் ஊர்க் கிழவிகள் நேற்று வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1876 இல் தொடங்கி 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட அடி சர்க்கார் கணக்கிலேயே இருக்கிறது. 1871 இல் 19,66,995 பேர் வாழ்ந்த ஜில்லாவில் 1881 இல் 15,99,595 பேர்தான். பத்து வருசத்தில் பெருகியிருக்க வேண்டிய சனத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் காணோம். செத்தவர்கள் செத்தார்கள், கால் உள்ளவர்கள் நடந்தார்கள்.

நடை அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. 1823 இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் ஜார்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் காப்பித் தோட்டம் போட்டதிலிருந்து மலையகத் தமிழர் தங்கள் வரலாற்றை எண்ணுகிறார்கள். காப்பிக் காலத்தில் பறிப்பு முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1869 இல் காப்பி இலையில் துருநோய் விழுந்தது. அடுத்த இருபது வருசத்தில் மலை முழுக்கத் தேயிலை ஆயிற்று. தேயிலைக்கு வருசம் பூராவும் ஆள் வேண்டும். அப்போதுதான் பெண்டு பிள்ளையோடு குடும்பமாகப் போனார்கள். லயத்தில் பிள்ளை பெற்றார்கள், தேயிலைத் தூரில் புதைந்தார்கள்.

போன பாதையையே ஒரு இரவு ஆடலாம். ஊரிலிருந்து திருச்சிக்கு நடை; அங்கிருந்து ராமநாதபுரத்துக் கடற்கரை; தோணியில் தலைமன்னார். இறங்கியதும் மன்னார்க் காடு, மதவாச்சி, அனுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை. வாந்திபேதியிலும் அம்மையிலும் விழுந்தவர்களை வழியோரத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 2023 இல், இருநூறாம் ஆண்டு நினைவாக, மலையகத்து இளைஞர்களும் பெரியவர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஜூலை 28 ஆம் தேதி தலைமன்னாரில் கிளம்பி அதே வழியில் ஆகஸ்ட் 12 ஆம் தேதி மாத்தளை போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் நடந்தது பாதையின் பிற்பாதி. தலைமன்னாருக்கு முந்திய பாதி நம் பக்கம் கிடக்கிறது. எனக்குத் தெரிந்து அதில் யாரும் அப்படி நடக்கவில்லை.

கங்காணியை நினைத்தால் எனக்குத் திரை பிடிக்கிற காட்சிதான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. கோட்டு, தலைப்பாகை, காதில் கடுக்கன், கையில் பூண் போட்ட தடி. திரைக்குப் பின்னால் சலங்கை கேட்கிறது, துரியோதனன் வருவதுபோல வருகிறான். கட்டியக்காரன் சும்மா இருப்பானா? "ஏனுங்க கங்காணி, அங்க தேயிலைத் தூரத் தோண்டுனா தேங்காயும் மாசிக் கருவாடும் வருதாமே, நெசமுங்களா?" இது நான் கட்டிய கதை இல்லை. அப்படிச் சொல்லித்தான் எங்களை ஏமாற்றிக் கூட்டிப்போனார்கள் என்று மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கங்காணி கொடுத்த முன்பணம் போய் இறங்கும்போதே கடனாக நிற்கும். வேலைக்கு நின்ற ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குத் தலைக்காசு. இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். புதுத் தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுப்பான். 1921 வரை இந்தத் துண்டு முறை இருந்தது. சகுனியின் பகடையை மூன்று மணி நேரம் ஆடிக் காட்டத் தெரிந்த உங்களுக்கு இந்தக் கணக்கை ஆடிக் காட்டுவது பெரிய வேலையில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கங்காணியை முழு அரக்கனாக்கிவிட்டால் கூத்து கெட்டுப்போகும். அவனும் நம் ஊர்க்காரன்தான். பெரும்பாலும் தெரிந்தவர்களையே கூட்டிக்கொண்டு போனவன். கலியாணம் பேசி வைப்பான், திருவிழாவுக்குக் காசு கொடுப்பான், அதே கையால் கணக்கையும் எழுதுவான். கர்ணன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரிந்தும் அவனுக்காக அழுகிற சபை உங்களுடையது. கங்காணியையும் அந்தச் சபை தாங்கும்.

வெளியூர்க் கதை ஒன்று சொல்கிறேன். பீகாரில் சாரண் பக்கத்துக் குதுப்பூரில் பிகாரி டாக்கூர் என்று ஒருவர் இருந்தார். 1887 இல் பிறந்தவர், நாவிதர் குலம், சவரத் தொழில் செய்தவர். அவர் ஊர் ஆண்கள் கல்கத்தாவுக்கும் அதற்கு அப்பாலும் பிழைக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் அந்த ஆண்களின் வீரத்தைப் பாடவில்லை. வீட்டில் விடப்பட்ட பெண்டாட்டியை மேடைக்குக் கொண்டுவந்தார். பிதேசியா என்ற அந்த நாடகம் அவ்வளவு பரவி, கடைசியில் அந்த வகை நாடகத்துக்கே பேராகிப்போனது. பெரிய படிப்பில்லை, அரசாங்கப் பணம் இல்லை. ஒரு கூத்துக் குழு, ஒரு ஊர், ஊரைவிட்டுப் போன ஆண்கள், அவ்வளவுதான். போஜ்புரி நாட்டில் புலம்பெயர்ந்தவர்களுக்கு எடுத்த முதல் நினைவுச் சின்னம் எது என்று கேட்டால், அந்த நாடகம்தான் என்று நான் சொல்வேன்.

இதில் ஒரு விநோதம் பாருங்கள். பிதேசியாவின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மிடம்தான் இருக்கிறார்கள். நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும் பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளிலும் பீகார், ஒடிசாப் பையன்கள் வேலை செய்கிறார்கள். ராத்திரி செல்போனில் அவர்கள் கேட்கிற பாட்டில் பாதி, ஊரில் விட்டுவந்தவளைப் பற்றியதுதான். நம்முடைய ஆட்களும் ஓய்ந்தபாடில்லை. திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகள் வடநாடு கடந்து ஆப்பிரிக்கா வரை போகின்றன, லாரி டிரைவர் மாதக்கணக்கில் வீட்டை மறந்து ஓடுகிறார். போவதும் வருவதும் இந்தச் சீமையின் பிழைப்பு. அதைப் பற்றிய கூத்து ஏனோ இந்தச் சீமையில் இல்லை.

அயர்லாந்தையும் சொல்ல வேண்டும். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அந்த நாட்டிலிருந்து லட்சக்கணக்கான பேர் கப்பலேறினார்கள். டப்ளின் துறைமுகக் கரையில் ரோவன் கில்லெஸ்பி என்ற சிற்பி 1997 இல் சில வெண்கல உருவங்களை நிறுத்தினார். எலும்பும் தோலுமாக, கையில் மூட்டையோடு, கப்பலை நோக்கி நடக்கிற உருவங்கள். அதே சிற்பி, கப்பல் போய்ச் சேர்ந்த கனடாவின் டொராண்டோ ஏரிக்கரையிலும், இறங்கி நிற்கிறவர்களாக வேறு உருவங்கள் செய்தார். அந்தப் பூங்கா 2007 இல் திறக்கப்பட்டது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், அனுப்பி வைத்த கரையும் வெட்கப்படாமல் தன் பங்கைச் செய்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. கம்பளைக்குப் பக்கத்தில் பாரதெக்கவில், பழைய லயத்தையே செப்பனிட்டு, 2007 இல் தேயிலைத் தொழிலாளருக்கு ஒரு அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். மலையகத்து ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையும் தேநீர்க் கறையையும் வடிகட்டியையும் கொண்டே தொழிலாளர் வாழ்வைப் படமாக்குகிறார். தாய்மார் பறித்த இலை அவருக்கு வண்ணமாகவும் துணியாகவும் ஆகிறது. அதற்கு முன்பே சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதிச் சேர்த்து வைத்தார். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாகக் கட்டிப் புத்தகமாக அச்சிட்டு, கூட்டங்களில் தாமே பாடினார். வேலுப்பிள்ளை சேர்த்த பாட்டுகளைத் தேடிப் படியுங்கள். தரு கட்டுவதற்கு மெட்டு தேடி எங்கும் அலைய வேண்டாம்; பல மெட்டுகள் உங்களுக்கே தெரிந்தவையாக இருக்கும், ஏனென்றால் இங்கிருந்து போனவை.

இனி கூத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஊர் விட்டுப் போனது மட்டும் கதையென்றால் ஒப்பாரியோடு முடித்துவிடலாம். இவர்கள் கதையில் ஊர் இழப்பு ஒருமுறை நடந்து நிற்கவில்லை. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948 இலேயே 18 ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலையில் மூன்று தலைமுறை உழைத்தவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பிறகு 1974 இல் பேசினார்கள். நாட்டுக்கு 75,000 பேர் என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தருமன் திரௌபதியைப் பணயம் வைத்தபோது அவளாவது சபையில் எழுந்து நியாயம் கேட்டாள். உங்கள் கூத்தில் ஒரு கொழுந்துக்காரி எழுந்து நின்று அந்த இரண்டு பிரதமர்களையும் கேட்கட்டும். துகிலுரிதலில் பெண்வேடம் கட்டுகிற உங்கள் கலைஞருக்கு அந்த விருத்தத்தை யாரும் எழுதித்தர வேண்டியதில்லை.

பிறகு கோச்சி. மலையகத்தில் ரயிலை அப்படித்தான் சொல்வார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை. மகளைக் கட்டிக்கொடுத்த வீடு அங்கே, பெற்றவர்கள் இங்கே. ஹட்டன் ஸ்டேஷனில் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம். இப்படி வந்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு நாலரை லட்சம் அளவில் இருப்பார்கள். 1984 இல் கப்பல் நின்றது.

சர்க்கார் இவர்களுக்குத் தாயகம் திரும்பியோர் என்று பேர் வைத்தது. நீலகிரித் தேயிலைக்குப் பலர் போனார்கள், நூற்பாலைகளுக்குச் சிலர், கைக்கடன் வாங்கிப் பெட்டிக்கடை வைத்து நொடித்தவர்கள் பலர். சிலர் மட்டும் தாத்தன் சொன்ன ஊர்ப் பேரை நெஞ்சில் வைத்துக்கொண்டு நம் பக்கம் வந்தார்கள். அவர்களை இங்கே எப்படி வரவேற்றோம் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். சிலோன்காரங்க என்று தனியாக வைத்தோம். காட்டில் பங்கு கேட்டுவிடுவார்களோ என்று பங்காளிகள் பயந்தார்கள். அவர்கள் பேச்சு வேறாக இருக்கிறது என்று பிள்ளைகள் சிரித்தார்கள். தாயகம் திரும்புவது என்பது சர்க்கார் காகிதத்தில் நடந்தது, ஊரில் நடக்கவில்லை. இந்தப் பகுதியை நீங்கள் மென்மையாக்க வேண்டாம். சபையில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குச் சுருக்கென்று படட்டும்.

மூன்றாம் பகுதி இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 1977, 1983 இனக் கலவரங்கள் மலையகத்தையும் விடவில்லை. அடிபட்டவர்கள் பலர் வடக்கே வன்னிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். போர் அங்கேயும் வந்தது. படகேறி ராமேஸ்வரம் வந்து அகதியானார்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் முகாம்கள் இருக்கின்றன. பரமத்தி வேலூர் முகாமைத் தெரியாத ஜமா இருக்க முடியாது. 2021 இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பேரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, புது வீடுகளும் அறிவித்தது. நல்லது. குடியுரிமை இன்னும் வரவில்லை. 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, திருச்சி முகாம்களில் இருக்கும் இந்திய வம்சாவளி மனுதாரர்களின் விண்ணப்பத்தை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை என்ற பேரே இல்லை.

ஆகவே கதையை இப்படிக் கட்டலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ராசிபுரம் பக்கத்திலிருந்து பஞ்சத்தில் ஒரு குடும்பம் கிளம்புகிறது. மலை, லயம், 1948, கலவரம், வன்னி, படகு. நூறு வருசத்துக்கு மேல் கழித்து அதன் கொள்ளுப்பேத்தி இறங்குகிற முகாம், கொள்ளுப்பாட்டன் கிளம்பிய ஊரிலிருந்து ஒரு பஸ் பயண தூரத்தில் இருக்கிறது, அவள் அகதி. பாண்டவர்களுக்குக்கூட பன்னிரண்டு வருச வனவாசமும் ஒரு வருச அஞ்ஞாதவாசமும் என்று கணக்கு இருந்தது.

ஒரு யோசனை, பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் விடியற்காலையில் தப்பு அடித்து ஆட்களைப் பிரட்டுக்குக் கூப்பிடுவார்கள். கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார், நின்றவர்களுக்குத்தான் அன்றைய வேலை, அன்றைய சம்பளம். மண்டபத்தில் இறங்கியதும் பேர் வாசிப்பு. முகாமிலும் தலை எண்ணிப் பேர் வாசிப்பு. மூன்று இடத்திலும் ஒரே நடிகர் வரட்டும். கோட்டை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும். அதே தப்பு, அதே தாளம். மத்தளத்தை அந்த நேரம் நிறுத்திவிட்டுப் பறை அடிக்கிறவர்களைக் களத்துக்குள் கூப்பிடுங்கள். மலையகத்தில் கூத்தின் உயிரே தப்புத்தான். நம் ஜமாக்களில் சில இன்னும் பறையைக் களத்துக்கு வெளியே நிறுத்துகின்றன என்பதும் எனக்குத் தெரியும். இந்தக் கூத்தில் அது செல்லாது.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலை என்பது பெண்களின் கை. கூடையைத் தலையில் மாட்டி, மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, பறித்த கொழுந்தை நிறுவையில் கழித்துக்கொள்ள விட்டுவிட்டு, இருட்டியபின் லயத்துக்கு வந்து அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள். ரதி அழுகிற காமன் கூத்து ஏன் அங்கே இவ்வளவு வேரூன்றியது என்று நினைத்தால் எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. ஆனால் உங்கள் கூத்தில் அவள் அழ மட்டும் வந்து போகக் கூடாது. கங்காணியோடு வழக்காடட்டும், கட்டியக்காரனை வாயடைக்க வைக்கட்டும், சிரிக்கவும் சிரிக்கட்டும். விடிய விடிய அழுதால் சனம் பன்னிரண்டு மணிக்குப் பாயைச் சுருட்டிவிடும். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

சரி, இதை எங்கே ஆடுவது? இதுதான் உண்மையான சிக்கல், வாத்தியார்களே. கூத்து என்பது வேண்டுதலுக்கு ஆடுவது. மாரியம்மன் நோன்பிக்கு, திரௌபதையம்மனுக்கு, மழைக்கு. புதுக்கதைக்கு அச்சாரம் கொடுக்கிற சாமி எது? நான் நினைத்து வைத்திருக்கிற வழி கர்ண மோட்சம். ஊரில் ஒருவர் செத்தால் காரியத்தன்று ராத்திரி கர்ண மோட்சம் போடுகிற வழக்கம் உண்டு. செத்த ஆத்மா கரையேற வேண்டும் என்பதற்கான கூத்து அது. கண்டிக்குப் போய் வழியிலும் மலையிலும் செத்தவர்களுக்குக் காரியம் செய்ய இங்கே எவரும் இருக்கவில்லை. செத்த சேதியே வந்து சேரவில்லை. அவர்களுக்காக ஊர் சேர்ந்து ஒரு கர்ண மோட்சம் வைக்கட்டும். முன்னிரவில் புதுக்கூத்து, பின்னிரவில் கர்ண மோட்சம். கர்ணனும் பெற்றவளால் பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்ட பிள்ளைதான், பிறந்த குலம் தெரியாமல் வேறிடத்தில் வளர்ந்தவன்தான். இரண்டும் ஒரே ராத்திரியில் ஒட்டும். பழைய கூத்தை விட்டுவிட்டோம் என்ற பழியும் உங்கள் மேல் வராது.

சிலை வைக்கலாமே, மணிமண்டபம் கட்டலாமே என்று சொல்கிறவர்கள் வருவார்கள். வைக்கட்டும். நாற்காலி போட்ட விழாவில் மூன்று மணி நேரம் பேச்சு நடக்கும், சிலையைச் சுற்றி அடுத்த மாசம் பேனர் கட்டுவார்கள். கூத்து வருசா வருசம் ஆட ஆட மாறும். ஆத்தூரில் ஆடும்போது ஒரு கிழவி எழுந்து எங்க மாமனும் போனாருங்க என்பாள். அடுத்த ஊரில் அந்த மாமன் பேரைச் சொல்லிப் பாடுவீர்கள். எந்தச் சிற்பியாலும் அதைச் செய்ய முடியாது.

இரண்டு எச்சரிக்கை உண்டு. முகாமில் இருக்கிறவர்களை நடிக்க வைத்துக் காட்சிப்பொருள் ஆக்கிவிடாதீர்கள். அவர்களில் கூத்தும் பாட்டும் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அவர்களை வாத்தியார் வரிசையில் உட்கார வைத்துக் கதை கேளுங்கள், சம்பளத்தில் சரிபங்கு கொடுங்கள். வெளியே வந்து ஆடுவதற்கு அனுமதி, தாசில்தார், கையெழுத்து என்று இருக்கும். அந்த அலைச்சலை அவர்கள் தலையில் போடாமல் ஊர்க்காரர்கள் நாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். மற்றது, அரசியல் கட்சிக்காரர் மேடை தருகிறேன் என்று வருவார். வாங்கிக்கொண்டால் கங்காணி வேடத்துக்குப் புதுக் கோட்டு கிடைக்கும், ஆனால் 1964 ஒப்பந்தத்தைப் பற்றி யார் எதைப் பாட வேண்டும் என்று அவர் சொல்லத் தொடங்குவார்.

எழுதித்தர ஆள் வேண்டுமென்றால் இருக்கிறார்கள். மேட்டூர் ஏர்வாடியில் மு. ஹரிகிருஷ்ணன் மணல்வீடு இதழும் களரி அமைப்பும் நடத்திக் கூத்துக் கலைஞர்களுக்காக நீண்டகாலமாக உழைத்து வருகிறார். அப்படிப்பட்டவர்களிடம் பிரதியைக் காட்டலாம். மலையக எழுத்தாளர்கள் சாரல்நாடன், தெளிவத்தை ஜோசப் போன்றோர் எழுதி வைத்த வரலாறும் கதையும் தமிழிலேயே கிடைக்கின்றன. ஆனால் முதல் அடவு உங்கள் களத்தில்தான் விழ வேண்டும்.

செலவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். ஒரு ராத்திரிக் கூத்துக்கு நீங்கள் வாங்குவது எவ்வளவு, அதில் வண்டி வாடகையும் அரிதாரமும் போக ஆளுக்கு எவ்வளவு நிற்கிறது என்று எனக்குத் தெரியும். புதுக்கூத்துக்கு ஒத்திகை வேண்டும். ஒத்திகை நாளுக்குச் சம்பளம் கொடுக்காமல் கலையைக் காப்பாற்றுங்கள் என்று சொல்வது அயோக்கியத்தனம். எங்கள் ஊரில் சில பேர் பேசி வைத்திருக்கிறோம். கோயில் கமிட்டியில் கொஞ்சம், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் கொஞ்சம், லாரிப் பட்டறைக்காரர்களிடம் கொஞ்சம் கேட்கிறோம். தையில் அறுப்பு முடிந்தவுடன் ஒத்திகை தொடங்கினால், மாசியில் அங்கே மலையில் காமன் கம்பம் நடுகிற வாரத்திலேயே இங்கே ஆடிவிடலாம். எந்த ஜமா முதலில் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்கிறதோ அதற்கே அச்சாரம். தை பிறப்பதற்குள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். தேதி குறிக்க வேண்டும், அம்மன் நோன்பியோடு மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் களத்தின் முன்வரிசையில் உட்காருகிற ஒருவன்